பௌர்ணமிக்கு மட்டும் வீட்டில் ஆபீஸ்

அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தும் பாஞ்சாலைக்கு வீடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில். பௌர்ணமியன்று அங்கே பஸ் ஓடாது.

"அன்னிக்கி ஒரு நாள் வீட்லயே வேலை பாரும்மா, எனக்கும் கரண்டு மிச்சம்," என்றார் முதலாளி குமரகுரு.

வீட்டில் எங்கே வேலை ஓடியது? தண்ணி கேட்டு நாலு பேர், பாத்ரூம் கேட்டு நாற்பது பேர். மாப்பிள்ளை பெயரைத் தாண்டுவதற்குள் மத்தியானமாகிவிட்டது.

அவள் ஏய்க்கிறாளோ என்று வேவு பார்க்கக் குமரகுருவே கிரிவலம் வந்தார். வழியெல்லாம் டீ குடித்திருந்தார். வாசலில் நெளிந்துகொண்டு, "பாத்ரூம் எங்கம்மா?" என்றார்.

"உங்களுக்கு முன்னால பன்னெண்டு பேரு நிக்கிறாங்க சார்," என்ற பாஞ்சாலை, பத்திரிகைக் கட்டையும் சிவப்புப் பேனாவையும் அவர் கையில் திணித்தாள். "சும்மா நிக்காதீங்க, பாதிய முடிச்சிடுங்க."