மாமியார்வீட்டுப் பாட்டில்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் அடித்த தந்தி போன திங்கட்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டைக்கு வந்தது. தபால்காரரை ஏதாவது கிண்டலடிக்காமல் அனுப்புகிறவன் இல்லை நான். அன்று அவர் முகத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளை பெற்ற ஆறாம் நாள், காய்ச்சலில் செண்பகம் மதினி போய்விட்டார். பெண் குழந்தை இருக்கிறது.

மதினியோடு கல்லூரி விடுதியில் இருந்த அக்காமார்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவர் கல்யாணத்தோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டதாக நீங்கள் நினைத்திருக்கலாம். கட்டவில்லை. முன்பு வேலை பார்த்த கடலோர ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர், ஒரு சோதனையைச் சுத்தமாக முடித்து அனுப்பினால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்காக எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு மிட்டாய் பாட்டில்கள். உள்ளே கடல்தண்ணீர், இறால் சாயலில் அரிசி அளவுப் பூச்சிகள். தாய்ப்பூச்சி முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கும். ஒரு பாட்டில் தாய்களுக்குக் கடல்பாசி வயிறு நிறைய. மற்றதற்கு ஒரு சிட்டிகை. இரண்டிலும் பிறக்கும் குஞ்சுகளுக்கு ஒரே அளவு இரை போட்டு, பத்தாம் நாள் எது எத்தனை பிழைத்தது என்று எண்ண வேண்டும்.

“தாய் தின்னது பிள்ளைக்கு எம்புட்டுத் தூரம் வருதுன்னு பாக்கணும்” என்பார்.

சாயல்குடிப் பக்கம் போய் நாங்கள் கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்தபோது பஸ் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ஊரே நல்ல தண்ணிக்கு அலையுது, இவுக உப்புத்தண்ணியச் சொமந்துட்டு வாராக!”

“உங்க ஊர்க் கெணத்துலயும் உப்புத்தாண்ணே. ஆனா அதுல உப்பு மட்டுந்தான் இருக்கு” என்றார் மதினி. பஸ்ஸே சிரித்தது.

மதினிக்குத் தாய் இல்லை. அதனால் பேறுகாலமும் எங்கள் வீட்டோடுதான். ஏழாம் மாதத்திலிருந்து அம்மா அவர் தட்டில் சோற்றைக் குறைத்தார். “பிள்ள பெருத்தா பேறு சிக்கலாயிரும்த்தா. நானும் இப்பிடித்தேன் பெத்தேன்.” அம்மா பயந்துதான் செய்தார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் பாட்டில்களுக்குப் பேர் வைத்தேன்: நிறைந்தது தாய்வீடு, குறைந்தது மாமியார்வீடு. அம்மா முறைத்தார். மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சட்டைப்பையில் காராச்சேவு ஒளித்து வந்து மதினிக்குக் கொடுப்பேன். அதே கையால், மாமியார்வீட்டுப் பூச்சிகளுக்கும் தினம் கொஞ்சம் பாசி கிள்ளிப் போட்டேன். பத்தாம் நாள் இரண்டு பாட்டிலும் ஒன்றுபோல் வந்தது. மதினி நோட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை குழம்பினார். பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“எனக்குச் சேவு குடுத்தீக, சரி. அதுகளுக்கு ஏன் போட்டீக?”

“பாவமா இருந்துச்சு மதினி.”

“பாவப்படுங்க, வேணாங்கல. பாவப்பட்டத நோட்டுல எழுதிருங்க, கொழுந்தனாரே. இல்லாட்டி பூச்சி பொய் சொன்னதா ஆயிரும்.”

திட்டவில்லை. இரண்டு மாத உழைப்பைக் கீழே கொட்டிவிட்டு, வீங்கிய காலோடு முதலிலிருந்து தொடங்கினார்.

புதிய குஞ்சுகள் வெளிவந்த அன்றே அவருக்கு வலி கண்டது. மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போதும் பேச்சு அதுதான்: “இனி ரெண்டுக்கும் ஒரே அளவு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.” ஏழு நாள் ஒழுங்காகப் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தது மதினியின் உடல். இரண்டு நாள் பின்கட்டுப் பக்கம் யாரும் போகவில்லை.

பத்தாம் நாள் எண்ணினேன். தாய்வீட்டுக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. மற்றதில் விரல்விட்டு எண்ணலாம். மதினி தேடியது இதைத்தான். அந்த இரண்டு நாளை மறைத்தால் சோதனை சுத்தம். பெரியவர் மதினி பேரோடு அச்சில் போடக்கூடும். பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தேன். அலுப்பாக இருந்தது, அக்கா. பொய் சொல்வதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

நோட்டை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். மதினியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது, நடந்ததை நடந்தபடி எழுதும் பழக்கம் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது:

“எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் இரண்டு பாட்டிலுக்கும் இரை போடவில்லை. வீட்டில் இழவு.”