மயிலாப்பூர் தபாலாபீஸில் ஒரு டிரங்க் கால்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கல்யாண நாள். வழக்கமாகக் கோயிலுக்கும் மாதா கோவிலுக்கும் போய்வருவோம். இந்த முறை என் மனைவி ஸ்டெல்லா, "முதல்ல மயிலாப்பூர் பழைய தபாலாபீசுக்குப் போவோங்க" என்றாள். பெசன்ட் நகரிலிருந்து காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்தோம். சுமார் ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

"எல்லாம் போன்லயே கீது சார். தபாலாபீஸ்ல இன்னா வேலை?" என்றார் டிரைவர்.

"கல்யாண வேலை" என்றாள் ஸ்டெல்லா.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உயர்ந்த கூரை, கனத்த மரக் கதவு. கடிதத்துக்காகக் கட்டினார்கள், பிறகு தந்தி வந்தது, அதன்பின் வெளியூருக்குப் பேச, மூலையில் ஒரு டிரங்க் கால் கூண்டு. பதிவு செய்துவிட்டுப் பெஞ்சில் காத்துக் கிடக்கவேண்டும். கூண்டுக்குக் கதவு என்று பேர்தான். உள்ளே கத்துவது கூடம் முழுக்கக் கேட்கும்.

எழுபதுகளில் நான் தி.நகரில் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் இருந்தேன். ஸ்டெல்லா சாந்தோமில் டீச்சர். அவள் வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். திருநெல்வேலியில் என் அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் வராமல் தாலி கட்ட எனக்கு மனமில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இங்கே வந்து, அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடை போனுக்குக் கூப்பிட்டேன்.

"அப்பா, கல்யாணத்துக்கு வருவீங்களா?" தொண்டை கிழியக் கத்தினேன். பதிலுக்கு இரைச்சல்தான். லைன் மோசமானால் நடுவிலிருக்கும் ஆபரேட்டரே கேட்டுச் சொல்வது அன்றைய வழக்கம். "வர்றேன்னு சொல்றாரு சார்!" என்றது ஒரு பெண் குரல். நான் அதையே திரும்பக் கத்த, பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். சொன்னபடி அப்பா வந்தார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது கூண்டு இல்லை. அந்த மூலையில் ஆதார் கவுண்டர். ஸ்டெல்லா அங்கே போய் நின்றுகொண்டாள்.

"மாமா ஆஸ்பத்திரில கிடந்தப்போ எங்கிட்ட சொன்னாருங்க. 'நான் வரமாட்டேன்னுதாம்மா சொன்னேன். அந்த ஆபரேட்டர் பிள்ளை மாத்திச் சொல்லிட்டுது. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. உடனே அங்க ஒரே கைதட்டு. அதுக்கு மேல எப்படி வராம இருக்கது?'ன்னு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அப்பா வந்தாரு, அப்பா வந்தாருன்னு நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் வார நாளில் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அங்கிருந்து மாதா கோவிலுக்குப் போனோம், ஸ்டெல்லா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கோயிலில் நான் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள். இரண்டும் எனக்குத் தெரியாது.

"எங்கப்பாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்தவங்க சாமி" என்றேன்.