கையில் போட்ட வட்டம்

எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. உலை வைத்தால் சோறு வெந்துவிட்டதா என்று பத்துத் தரம் மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்ட நான் போய்ச் சேர்ந்ததோ பாதி நேரம் காத்துக்கிடக்கிற வேலை. ஊசியும் சிரிஞ்சும் இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். தெர்மாமீட்டர் நாக்குக்கடியில் மூன்று நிமிடம் இருக்க வேண்டும். நாடியை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சி எடுத்தபோது இதையெல்லாம் பரீட்சையில் அழகாக எழுதி முதலாவதாக வந்தேன். எழுதுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

எழுபதுகளின் கடைசியில், என் இருபத்திரண்டாவது வயதில், கம்பத்துக்கு அடுத்த கூடலூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். அப்பாவுக்குத் தேனி பஜாரில் ஜவுளிக்கடை. "பொம்பளப் பிள்ள அம்புட்டுத் தூரம் போயி ஊசி குத்திப் பொழைக்கணுமாக்கும்" என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு கடையில் துணி மடித்துப் போட என்னால் முடியவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டாக்டரின் வீடு கிளினிக்குக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் பார்ப்பார், எழுதிக் கொடுப்பார். கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

கிளினிக்குக்கு எதிரேதான் ஜீப் நிற்கும் இடம். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியும்போதே வரிசை கட்டிவிடும். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் பிறகு காத்திருக்க மாட்டார்கள். ஜீப்பை விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு. சேர்ந்தாற்போல மூன்று நாள் வராவிட்டால் கங்காணி அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிடுவார். அதனால் தோட்டத்துப் பெண்கள் மாலையில் இறங்கி வரும்போது டாக்டரைப் பார்ப்பார்கள். அவர் ஐந்து நாள் ஊசி என்று சீட்டு எழுதுவார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்து ஒவ்வொருவராகப் போட்டு அனுப்புவேன்.

அப்போது எதற்கெடுத்தாலும் பென்சிலின்தான். அது சிலருக்கு ஆகாது. ஆகாதவருக்குப் போட்டால் உயிரே போய்விடும். அதனால் முதல் ஊசிக்கு முன்னால், முன்கைத் தோலுக்குள் ஒரு துளி மருந்தை ஏற்றி அரை மணி நேரம் விட்டுப் பார்ப்போம். அந்த இடம் சிவந்து தடித்தால் ஊசி கிடையாது. குத்திய இடம் பிறகு அடையாளம் தெரிய வேண்டும் என்று அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்கு வேறு வேலை இல்லை.

அந்த அரை மணி நேரம்தான் என் பிராணனை வாங்கியது. பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "ஆச்சா தாயி, ஆச்சா தாயி" என்பார்கள். வெளியே டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டார். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வட்டம் போட்டதும் வெளியே போய் டீ குடித்துவிட்டு, அரை மணி கழித்து வந்து கையைக் காட்ட வேண்டும். "வட்டம் இருந்தாத்தான் ஊசி. இல்லாட்டி இங்கன வந்து நிக்காதீக" என்று தினமும் வாசலில் நின்று கத்துவேன். கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. டாக்டரே மெச்சினார். நானும் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஒருநாள் ஒரு பெண், குளிக்கும்போது ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்ததாகச் சொன்னாள். வட்டம் அழிந்தால் மருந்து உடம்பில் பிடிக்காதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. அதற்குள் அடுத்த ஆள் சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

ஒரு மழைக்காலத்து மாலையில் தோட்டத்து அக்கா ஒருவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. தோட்டத்தில் புதர் வெட்டும்போது கத்தி குதிகாலில் பட்டு, புண் சீழ் வைத்து வீங்கியிருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதினார். நான் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், "காலைல கையில வட்டம் போட்டு, அரை மணி நேரங் கழிச்சுத்தான் ஊசி. வெளங்குச்சா?" என்றேன். "வட்டம் போட்டு அரை மணி நேரம். வெளங்குச்சு தாயி" என்று அவர் திருப்பிச் சொன்னார். சொன்னதைப் புரிந்துகொள்கிற ஆளும் ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தூறல். பன்னிரண்டு பேர் நின்றார்கள். சோதனை ஊசி போடும்போதே பெயரை நோட்டில் எழுத வேண்டும் என்பது பாடம். நான் ஜீப் போன பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதுவேன். எனக்கு முகங்கள் தெரியாது, நீட்டிய கைகள் மட்டும்தான் தெரியும். அந்த அக்கா கையை நீட்டினார். வட்டம் இருந்தது. உள்ளே சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை.

"போட்டு எம்புட்டு நேரமாச்சு?"

"அரை மணிக்கு மேலயே ஆச்சு தாயி."

போட்டேன். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசற்படி வரை போனார். அங்கே நின்று உள்ளங்கையைப் பரபரவென்று சொறிந்தார். "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது தாயி" என்றார். உதடு வீங்கிக்கொண்டே வந்தது. நான் மேசையைச் சுற்றி ஓடிப் பிடிப்பதற்குள் படியிலேயே சரிந்துவிட்டார்.

நான் போட்ட கூச்சலில் டாக்டர் பாதி முகத்தில் சவர சோப்போடு ஓடிவந்தார். கீழேயே படுக்கவைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, அட்ரினலின் போட்டார். "நாடியப் பாரும்மா, நாடியப் பாரு" என்றார். பிடித்துப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே ஜீப் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். என் விரல் நடுங்கியதா அந்த அக்காவின் நாடி துடித்ததா என்று தெரியாமல், அந்த மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து மெல்லியதாக ஒன்று தட்டுப்பட்டது. அன்றைக்கு ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன்.

"டெஸ்ட் போட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

"போட்டேன் சார். வட்டம் இருந்துச்சு."

"சில பேருக்கு டெஸ்ட்ல தெரியாமயும் வந்துரும். நீ அழுகாத" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அவர் போன பிறகுதான் அந்தக் கையைத் திருப்பி ஒழுங்காகப் பார்த்தேன். வட்டத்துக்கு நடுவில் ஊசி குத்திய புள்ளி இல்லை. வட்டமும் என்னுடையது இல்லை. நான் கறுப்புப் பேனாவில் போடுவேன். இது ஊதா மை, தொடங்கிய இடத்தோடு முடிவு சேராமல் கோணிக்கிடந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. ஜீப்பைப் பிடிக்க என்னை ஏமாற்றியிருக்கிறார்! செத்துத் தொலைந்திருந்தால் நானல்லவா கம்பி எண்ணியிருப்பேன்! டாக்டரிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கொதிக்கவைத்த சிரிஞ்சுகளையே மறுபடி கொதிக்கவைத்தேன். பஞ்சு உருட்டினேன். நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே கட்டிலில் கிடத்தியிருந்த அக்கா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் அவர் எழுந்து உட்கார்ந்து டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிட்டார். அவர் விழுங்கி முடிக்கும் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏக்கா இப்பிடி ஏமாத்துனீக? நான் எப்பப் போட்டேன் இந்த வட்டத்த?"

அவர் திகைத்துப் பார்த்தார். "ஏமாத்தவா? நீதான தாயி சொன்ன, வட்டம் போட்டு அரை மணி நேரங் கழிச்சு வரணும்னு? இங்கன வந்து போட்டா ஜீப்பு போயிரும்னு, விடியமுன்ன சின்னவள எழுப்பி அவ பள்ளிக்கூடத்துப் பேனாவுல போடச் சொன்னேன். அரை மணிக்கு மேல இருந்துட்டுத்தான் கெளம்புனேன்." பிறகு குரலைத் தணித்தார். "வட்டம் கோணலாப் போயிருச்சு, அதான் மருந்து திருப்பிக்கிருச்சு போல. மூணாவது படிக்கிற பிள்ள, தூக்கக் கலக்கத்துல போட்டுருச்சு. அவகிட்ட எதுவும் சொல்லிராத தாயி, பயந்துக்கிருவா."

நான் சொன்னதை அவர் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தார். கத்திக் கத்தி வட்டத்தைப் பற்றிச் சொன்ன நான், அதற்குள்ளே ஊசி குத்த வேண்டும் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. நேரே பின்கட்டுக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"குத்துன தடம் இருக்கான்னும் பாக்கலையா?"

"பாக்கல சார்."

அவர் சீட்டுக் கட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "சீட்டு எழுதித் தர்றேன். இனி ஆயுசுக்கும் அவளுக்குப் பென்சிலின் ஆகாது. எந்த ஊர்ல எவன் போட்டாலும் அடுத்த தடவ பொழைக்கமாட்டா. இத அவளுக்கு வெளங்கவச்சு அனுப்பு" என்றார்.

சாயங்காலம் அந்த அக்கா கிளம்பும்போது சொன்னேன். சொன்னேன் என்றால், ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பென்சிலின், ஒவ்வாமை, சோதனை ஊசி, எங்கே போனாலும் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும், தொலைக்கக் கூடாது. மாலைக் கூட்டம் வேறு வரத் தொடங்கியிருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். நொண்டிக்கொண்டே வாசல் வரை போய், என்னைத் தேற்றுகிற மாதிரி திரும்பிச் சிரித்தார்.

"நீ மனசு சங்கடப்படாத தாயி. பெரியவ எட்டாவது படிக்கிறா, காம்பஸெல்லாம் வச்சிருக்கா. அடுத்த தடவ அவள விட்டுப் போடச் சொல்றேன். கோணாது."

காலையில் அவர் சரிந்து விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். வந்திருந்தவர்களிடம் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த வட்டத்துல ஒண்ணுமே இல்லக்கா. அது வெறும் மை."

அவர் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அத எதுக்குத் தாயி போடுறீக?" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கும் வரை நான் நின்றதும் இல்லை.