ஒரு சேலையும் நாலு வினைச்சொற்களும்

கடையில் எதையாவது வாங்கினால் உடனே வங்கியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. அதில் ‘ஸ்பெண்ட்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிடும்.

அருமனையில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் வேலை. என் படிப்புக்கு வெளிநாட்டு அம்மையார் ஒருவர் சபை மூலமாகப் பணம் அனுப்பிவந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் அவருக்கு நான் ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுத வேண்டும், கீழே அம்மா கையெழுத்துப் போட வேண்டும். உதவி பெறும் மற்ற பிள்ளைகள் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கோ அந்த வருஷம் பெருமையில் தலைகால் புரியவில்லை. பே, ஃபண்ட், டொனேட், ஸ்பெண்ட் என்று நாலு வினைச்சொற்களை அப்போதுதான் வகுப்பில் படித்திருந்தேன். நாலையும் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நீங்கள் டொனேட் செய்கிறீர்கள், சபை ஃபண்ட் செய்கிறது, நாங்கள் பள்ளிக்குப் பே செய்கிறோம். மூன்று வரி மளமளவென்று வந்துவிட்டது. ஸ்பெண்டுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. யோசித்து, மிச்சப் பணத்தை அம்மா ஒரு சேலைக்கு ஸ்பெண்ட் செய்தாள் என்று எழுதினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. “எம் பிள்ளைக்க எழுத்து அச்சு மாதிரில்லா இருக்கு” என்று சொல்லி, முந்திரித் தோட்டின் எண்ணெயில் கறுத்த விரலைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சபை அலுவலகத்தில் கடிதங்களைச் சரிபார்க்கும் அக்கா, அம்மாவையும் என்னையும் வரச்சொல்லிக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினார். படிப்புக்கு வந்த பணத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

“இத அனுப்பினா அடுத்த வருசம் பைசா வராது, கேட்டியளா?”

அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. “இங்கிலீசுல தப்பு உண்டா?” என்று கேட்டாள்.

“தப்பு ஒண்ணும் இல்ல.”

“ஏட்டி, அந்த ஒரு வரிய விட்டுட்டு திருப்பி எழுது மக்கா” என்றாள் என்னிடம்.

எழுதினேன். மூன்று சொற்களோடு கடிதம் போயிற்று, உதவியும் நிற்கவில்லை. திரும்பும் வழியில் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நல்ல வரி ஒன்று வீணாய்ப் போயிற்றே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஒன்றை மட்டும் நான் அப்போது யோசிக்கவில்லை. அந்த வருஷம் பள்ளி திறந்தபோது, “கறை பிடிச்ச சேலையோட ஸ்கூலுக்கு வராதம்மா” என்று சொன்னது நான்தான். அதற்கப்புறம் வாங்கிய அந்தப் புதுச் சேலையை அவள் ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கட்டியதில்லை. என் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மட்டும்தான் கட்டினாள்.