தையற்கடைக் கம்ப்யூட்டரின் குறிப்புக் கட்டம்

மந்தைவெளியில் எனக்குச் சட்டை தைக்கும் பாய்க்கு இருபது வருடங்களுக்கு முன்னால் நானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் பெயர், தோள், மார்பு, கை நீளம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அளவெடுப்பது பாய். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தது அவர் மனைவி. குறிப்பில் மட்டும் அந்த அம்மா தன் இஷ்டத்துக்குத் தமிழில் எழுதுவார். 'வலது தோள் இறக்கம், சொன்னால் கோபம் வரும்' என்பதுபோல. அந்த அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகவே, போன மாதம் பாய் புதிது வாங்கினார். டேட்டாபேஸும் புதிது. என் கிழட்டுப் புரோகிராம் அதோடு சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. திறந்தாலே எர்ரர். இரண்டையும் இணைக்கிற டிரைவர் என்ற சின்ன மென்பொருள்தான் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று. அதைச் சரிசெய்து தகவலையெல்லாம் மாற்றினேன். பத்துப் பேருடைய அளவைத் திறந்து பார்த்தேன். எல்லா எண்ணும் சரி. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பழைய பொட்டிய கொஞ்ச நாள் வச்சிக்கட்டுமா சார்?" என்றார் பாய்.

"எதுக்கு பாய்? ரெண்டும் இருந்தா குழப்பம்தான்."

நானே அதைத் துடைத்துக் காலிசெய்து, பழைய சாமான் கடைக்கு அனுப்பவும் சொன்னேன். 'காப்பி எடுத்து வெச்சீங்களா' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். குறிப்புக் கட்டம் திரையின் வலது ஓரத்தில் இருக்கிறது, நகர்த்தினால்தான் தெரியும். நான் நகர்த்தவில்லை.

நாலாம் நாள் போன் வந்தது. "சார், குறிப்புல எல்லாம் கேள்விக்குறியா வந்துகினு கீது."

போய்ப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த அம்மா அடித்தது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில். புதிய டேட்டாபேஸுக்கு அது பிடிபடவில்லை. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு செட்டிங்கைப் பார்த்திருந்தால் போதும். அழித்ததை மீட்க முடியுமா என்று பழைய சாமான் கடைக்கு ஓடினேன். பெட்டியைப் பிரித்து விற்றாகிவிட்டது.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

தன் பெயரைத் திறக்கச் சொன்னார். அவருக்கு மட்டும் அளவெடுத்தது அந்த அம்மா. குறிப்பில் ஒரு வரி கேள்விக்குறிகள். திரையில் விரல் வைத்து, இடைவெளி பார்த்துப் பார்த்துப் படித்தார்.

"தொப்பைய... உள்ள... இழுக்காம... நில்லுங்க."

சிரித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"என்னோடது மனப்பாடம் சார். மத்தவங்களுக்கு எழுதனத நான் படிச்சதில்ல. தெனம் ஒண்ணு படிக்கலாம்னு இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

பிறகு என் பெயரைத் திறந்தார். மூன்று வரி முழுக்கக் கேள்விக்குறிகள்.

"உங்களுக்குத்தான் நெறைய எழுதிக்கீறா" என்றார்.