கீரையில் இல்லாதது

தொழுகைக்கு முன்னால் ஒளு என்னும் சுத்தம் செய்யும்போது என் கணவர் காலைக் கழுவிவிட்டு எழுந்திருப்பார். இரண்டடி வைத்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் கழுவுவார். காலில் தண்ணீர் பட்டதா இல்லையா என்று சந்தேகம். பள்ளிவாசலில் பார்த்தவர்கள் இதை வஸ்வாஸ் என்றார்கள். ஷைத்தான் மனதில் போடும் வீண் சந்தேகத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரை மாமியார் வாங்கி வந்து குடிக்க வைத்தார். குடித்தார். மறுநாளும் காலைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

கம்பைநல்லூர் கடைத்தெருவில் அவருக்குத் தையல் கடை. பேன்ட் தைப்பதில் பெயர் எடுத்தவர். அந்த வருஷம், கால் மெஷின் மிதியில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்துப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தார். குனிகிற நேரத்தில் தையல் கோணிக்கொண்டு போகும். ஷைத்தானுக்கு மெஷின் மிதிக்கிற வேலை ஒன்றும் கிடையாது. அவர் காலில்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. கால் போனால் கடை போகும், கடை போனால் அந்த மனிதர் என்ன ஆவார்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமனார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் இவருக்கும் ரத்தக்கொதிப்பு என்றார்கள். தருமபுரியில் ஒரு இயற்கை உணவுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர் கறி, மீன், முட்டை, பால், நெய், எண்ணெய், சர்க்கரை, தீட்டிய அரிசி எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். அதன் பிறகு ஏழெட்டு வருஷம் சித்தேரி மலைச் சாமை, கேழ்வரகுக் களி, கொள்ளு, பழம், கீரை. கீரை தின்பதில் ஆடு இவரிடம் தோற்கும். பக்ரீதுக்குக் குர்பானி கொடுத்து, கறியைப் பங்கு பிரித்து எல்லார் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கொள்ளுச் சுண்டல் தின்கிறவரைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் கொதிப்பு இறங்கியது. தொந்தி கரைந்தது. படியேறினால் இரைத்த மூச்சு சீரானது. அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எனக்கு இன்னும் அதிக பயம். கெட்ட சாப்பாடாக இருந்தால் சண்டை போட்டு நிறுத்தியிருப்பேன். உயிரைக் காப்பாற்றிய சாப்பாட்டின் மேல் எப்படிச் சந்தேகப்படுவது?

எங்கள் ஊர் டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. "ரத்தம் நல்லா இருக்குதுங்க. நரம்புத் தளர்ச்சிதான்," என்று டானிக் எழுதினார். ரத்தப் பரிசோதனையிலும் சோகை இல்லை என்று வந்தது. "பாத்தியா, கீரை தின்ன ரத்தம்," என்று இவருக்கு ஒரே பெருமை.

மாமியார் ஒருநாள் ஈரல் சாறு ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "அவனுக்குத் தெரியாம கஞ்சியில கலந்துடும்மா. காலு தானா நிக்கும்."

கலக்கவில்லை. நான் வைக்கும் தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டால் அவருக்கு வீட்டில் வேறு என்ன இருக்கும்? மாமியார் பல நாள் என்னோடு பேசவில்லை.

உண்மை எங்கேதான் கிடைக்கும் என்று நூலகத்துக்குப் போனேன். எட்டாவது வரை படித்தவள், தமிழ் நன்றாகவே வாசிப்பேன். ஒரு புத்தகம் பால் அமிர்தம் என்றது, அடுத்தது விஷம் என்றது. இரண்டிலும் 'ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்' என்று இருந்தது. எந்த ஊர் ஆராய்ச்சியாளர், யாரை வைத்துப் பார்த்தார் என்று ஒரு வரி இல்லை. நான் துணி வியாபாரியின் மகள். சரக்கைப் புகழ்கிறவன் கையில் விற்க என்ன வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சத்துமாவு விலைப்பட்டியல் இருந்தது. இவர் வாங்கும் இயற்கை உணவு மாத இதழில் குணமானவர்களின் கடிதங்கள்தான். குணமாகாதவர் எதற்குத் தபால் செலவு செய்யப் போகிறார்? எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் காலையில், முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடியவர் குளியலறையில் அப்படியே சாய்ந்து விழுந்தார். கண் பார்க்காவிட்டால் கால் எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரமே தருமபுரியில் ரயிலேறி அவரைப் பெங்களூருக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நரம்பு டாக்டர் கவை போல ஒரு இரும்பைத் தட்டி, அது அதிரும்போதே இவர் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?"

"எதுங்க?" என்றார் இவர்.

டாக்டர் இரும்பைக் கீழே வைத்தார். "ஊட்டா என்ன சாப்பிடறீங்க?" சாப்பாட்டைப் பற்றிக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கறி தின்னச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

"நல்ல சாப்பாடு, விட வேண்டாம்," என்றார் டாக்டர். "ஆனா இதுல பி பன்னிரண்டுன்னு ஒரு வைட்டமின் இல்ல. கீரையில, தானியத்துல, மண்ணுல விளையற எதுலயும் கிடைக்காது. கீரை ஜாஸ்தி தின்னதால ரத்தம் கெடாம இருந்திருக்கு. நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டிருக்குன்னு நினைக்கிறேன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்று கேட்டுவிட்டேன். இவர் என்னை முறைத்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. "ரத்தத்துல அத அளந்து பாக்கலாம். குறைவா இல்லைன்னா நான் சொன்னது தப்பு."

தான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே அவரை நம்பினேன். அங்கேயே தங்கிக் காத்திருந்தோம். முடிவு வந்தது. இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

"ஊசி மருந்து ஆடு மாட்டுல இருந்து எடுக்கறதுங்களா?" என்று இவர் கேட்டார். கிருமிகளை வளர்த்து எடுப்பது என்று டாக்டர் சொன்னதும் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"காலு பழையபடி ஆயிடுங்களா?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம் தேறும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. போன வருஷமே வந்திருக்கணும்."

திரும்பி வரும் ரயிலில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார், "என் காலத் தொடு. எந்த இடம்னு சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டார். எதிரே ஆட்கள் இருந்தார்கள். வெட்கம் பார்க்காமல் அவர் காலை எடுத்து மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடினேன். முழங்காலுக்குக் கீழே தொட்டேன், உடனே சொன்னார். கணுக்காலைத் தொட்டேன், கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அப்புறம் கட்டைவிரலைப் பிடித்தேன். பதில் இல்லை. அழுத்தினேன். நகம் வெளுக்கும்வரை இரண்டு கையாலும் நசுக்கினேன்.

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "ம், தொடு புள்ள. நான் பாக்கல."