பெண்கள் மண்டபத்தில் நின்றுபோன நிக்காஹ்

1. முதுகு

முறைப்பாடு இப்படித்தான் வந்தது: நிக்காஹ் நடந்த நேரம் முழுக்கப் பெண்கள் மண்டபத்துத் திரைகளில் ஒருவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது. கெமராவுக்குக் குறுக்கே யாரோ போன கணத்தில் படம் உறைந்துவிட்டது. மணப்பெண்ணின் உம்மா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே துஆவுக்கு ஆமீன் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் ஆண்கள் மண்டபத்தில் நடக்கும். மணப்பெண்ணும் மற்றப் பெண்களும் அதைப் பக்கத்து மண்டபத்தில் இருந்து திரையில் பார்ப்பார்கள். அலவத்துகொடைக்குப் போகும் வழியில் ஒரு ஹாஜியார் கட்டிய மண்டபத்தில் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது, கண்டியில் நான் வேலை செய்யும் கம்பனி. ஒரு கெமரா, ஒரு ரௌட்டர், படத்தைத் திரைகளுக்குப் பிரித்தனுப்பும் ஒரு சுவிட்ச், பெண்கள் பக்கம் நான்கு திரைகள். ஆண்கள் பக்கத் திரைக்கு மட்டும் கெமராவில் இருந்து நேராக ஒரு வயர். அதனால் அங்கே படம் ஒருநாளும் நின்றதில்லை.

எங்கள் பையன்கள் போய் வெறும் மண்டபத்தில் திரையைப் போட்டுப் பார்த்தார்கள். படம் வந்தது. இரண்டு நிமிடம் பார்த்தார்கள், ஹாஜியார் கொடுத்த ஃபலூடாவைக் குடித்தார்கள், திரும்பிவிட்டார்கள். கலியாணம் நடக்கும்போது போய்ப் பார்க்க முடியாது, பெண்கள் மண்டபத்துக்குள் ஆண்கள் எப்படிப் போவது? இருபது வருடமாக இதே கம்பனியில் ஒரு பெண் நெட்வேர்க் பார்க்கிறாள் என்பது பெருநாள் வாழ்த்து அனுப்பும் நாளில் மட்டும் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

ஹாஜியார் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார். "பொம்புளைங்க ரிமோட்ட வச்சி நோண்டுறாங்க. மிஷின்ல ஒரு பிழையும் இல்ல."

எங்கள் பொஸ் யாழ்ப்பாணத்துக்காரர். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் அவருக்கு வேதவாக்கு. "ஓம், ஹாஜியார் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். பாவனையாளர் தவறு எண்டு போட்டு மூடிவிடுங்கோ."

ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் முறைப்பாடு வந்தது. ஒவ்வொன்றையும் அந்த இரண்டு சொற்களால் மூடினோம்.

2. கொட்டாவி

பிறகு ஹாஜியாரின் மகள் ரிஃபாவுக்கே கலியாணம் வந்தது. ஹாஜியாரின் மனைவி நஸீமா மாமி எங்கள் ஊர்க்காரி. அழைப்பிதழோடு வீட்டுக்கே வந்தார்.

"புள்ள, சும்மா வந்து தின்னுட்டுப் போகாம ஒன்ட லெப்டொப்பயும் கொண்டா. என்ட மகள்ட நிக்காஹ்ல நான் எவன்டயும் முதுக பாக்க மாட்டன்."

கலியாணத்தன்று ரிஃபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா மாப்புளட கையப் புடிச்சி மகளத் தந்தேண்டு சொல்ற அந்த நேரத்த மட்டும் பாத்தா போதும், ராத்தா. அது திருப்பி வராதே."

மௌலவி நிக்காஹ்வுக்கு முந்திய மார்க்கப் பேச்சை, பயானை, தொடங்கினார். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு நான்கு திரைகளும் ஒன்றாக நின்றன. இந்த முறை முதுகு இல்லை. முன்வரிசையில் ஹாஜியார், கொட்டாவி விட்டபடி. திறந்த வாய் மூடவே இல்லை. பெண்கள் மண்டபம் முழுக்கச் சிரித்தது. ரிஃபா சிரிக்கவில்லை.

மாமி சொன்னார்: "இப்பிடித்தான். அணைச்சிட்டுப் போட்டா வரும். கொஞ்சம் ஓடும், திருப்பி நிக்கும். எல்லாக் கலியாணத்துலயும் இதே கததான். ஆராவது வந்து கேட்டாத்தானே சொல்ல."

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. மாதக்கணக்காக எங்கள் ஒபிஸில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது இந்த ஒரு விவரம்தான்.

ஒரே படத்தைப் பல திரைகளுக்கு ஒன்றாக அனுப்புவது மல்டிகாஸ்ட். அதை சுவிட்ச் வயர் செருகிய எல்லாப் போர்ட்டுக்கும் அள்ளிக் கொடுக்காது. திரையைப் போட்டதும் அதனோடு இணைத்த சிறு பெட்டி "எனக்கும் வேண்டும்" என்று ஒரு தகவல் அனுப்பும். சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, இந்தப் போர்ட்டில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் யாராவது "இன்னும் வேண்டுமா?" என்று கேட்க வேண்டும், பெட்டி "வேண்டும்" என்று பதில் சொல்ல வேண்டும். கலியாணச் சாப்பாட்டில், பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனுக்குச் சஹன் போய்ச் சோறு வேண்டுமா என்று கேட்கிற ஆளைப் போல. கேட்கிற அந்த வேலைக்கு குவெரியர் என்று பெயர். அது இல்லாவிட்டால் பெட்டி வாய் திறக்காது. சுவிட்சும் அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டிப் படத்தை நிறுத்திவிடும். நாங்கள் வைத்த ரௌட்டர்தான் அங்கே குவெரியர்.

சுவிட்ச் இருந்தது ஆண்கள் பக்க ஸ்டோர் ரூமில். பட்டுச் சேலையும் லெப்டொப்புமாக நான் ஆண்கள் மண்டபத்தைக் கடந்தேன். மௌலவி ஒரு வசனத்தைப் பாதியில் விட்டார். கொட்டாவியை முடித்துக்கொண்டு ஹாஜியார் பின்னால் ஓடி வந்தார்.

ரௌட்டர் இருந்த தட்டில் ஒரு பெட்டி நெக்டோ சோடா.

"ரௌட்டர் எங்க, ஹாஜியார்?"

"அதயா? மேல ஒபிஸ்ல வைஃபை வரல்லண்டு எடுத்துட்டுப் போனன். அது இல்லாமலும் படம் ஓடுதே, புள்ள."

"உங்கட பக்கம் ஓடுது."

மேலே போய் எடுத்து வர நேரம் இல்லை. சுவிட்சையே குவெரியராக்கினேன். இரண்டு வரி வேலை. திரும்பி ஓடித் திரைகளை அணைத்துப் போட்டேன், படம் வந்தது. ஆனால் படம் வருவதை வைத்து முடிவு சொல்லும் ஆட்களை நான் நன்றாக அறிவேன். வழக்கமாகப் படம் நிற்கும் நேரம் கடக்கும்வரை திரை முன்னாலேயே நின்றேன். பயான் நீள வேண்டும் என்று அன்று நான் செய்த துஆவை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

படம் நிற்கவில்லை. ஹாஜியார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். சொல்ல வேண்டியதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், எல்லாம் திரையில் தெரிந்தது. ரிஃபா அழுதாள். மாமி அழுதார். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

3. பாவனையாளர்

சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஜியார் வாசலில் நின்று விசாரித்தார். கேட்கிற ஆள் இல்லாததால் நின்றது என்று விளக்கினேன்.

"அப்ப சுவிட்ச்லதான் பிழை" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது. "சுவிட்ச் நல்லாத்தான் ஈக்குது. கேக்குறதக் கழட்டிட்டுப் போனது நீங்க. வந்து கேக்காததும் நீங்கதான்."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். பொருளுக்குச் சொந்தக்காரரிடம் பிறகு பேசலாம். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள், அதுவும் ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மறுநாள் பொஸ் மெல்ல வந்தார். "ஹாஜியாரிட மனம் நோகக் கூடாது பாருங்கோ. பழையபடியே பாவனையாளர் தவறு எண்டு போடுங்கோவன்."

சரி என்று அப்படியே போட்டேன். பாவனையாளரின் பெயர் கேட்ட இடத்தில் ஹாஜியாரின் பெயரை எழுதினேன்.